பன்னிரண்டு வருடத்துக் கோல்

நாலரை மணிக்குக் கரை தட்டிய படகுப்பாதையிலும் வாப்பா வரவில்லை.

ஸாலிஹா துறையில் ஆமிச் சாவடியின் கம்பிவேலி ஓரமாக நின்று, இறங்கியவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்தாள். நெல்மூட்டைகள் இறங்கின. தயிர்ச்சட்டிகள் இறங்கின. மிரண்டு நின்ற ஒரு கன்றுக்குட்டியை இரண்டு பேர் வயிற்றோடு அணைத்துத் தூக்கி இறக்கினார்கள். சைக்கிள்கள் பதினொன்று வந்தன. ஒன்றின் பின்னாலும் சாரன் மூட்டை இல்லை. அசர் தொழுகைக்கு முந்தி வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். அசர் பாங்கு சொல்லி ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது.

சண்டை நிறுத்தம் என்று ரேடியோவில் சொல்லி ஒன்றரை மாதம் இருக்கும். அதற்குப் பிறகுதான் இந்தக் கரையிலிருந்து சனம் மெல்ல மெல்ல வாவியைக் கடந்து, இயக்கத்தின் பிடியிலிருந்த படுவான்கரைக்குப் போகத் தொடங்கியது. முதலில் வயல்காரர் போனார்கள். பிறகு மீன்காரர். முஸ்லிம் வியாபாரிகள் யார் முதலில் போவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் தறியில் நெய்த சாரன்கள் அறுபது மடித்தபடியே கிடக்க, உம்மா கைறுன்னிஸா பிள்ளை பெற்று இருபது நாளாகப் பாயில் இருக்க, வாப்பா நேற்றிரவு சொன்னார்: "நான் போய்ப் பாக்கன்." தொண்ணூறாம் ஆண்டு உம்மாவின் தம்பி இதே துறையால் இதே மாதிரி மூட்டையோடு போனவர். திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அந்த வருடம்தான் ஸாலிஹாவின் பள்ளிக்கூடமும் நின்றது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இப்போது பதினேழு.

"போய்ப் பாரு புள்ள, வேற ஆரு இரிக்கா அனுப்ப?" என்று உம்மா சொன்னதால் வந்தாள். வீட்டுக்கு யாராவது வந்தாலே அடுக்களைக்குள் போய் நிற்கிற பெண், ஆம்பிளைகள் நிறைந்த துறையில், முக்காட்டை வாயால் கடித்துக்கொண்டு நின்றாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் வாகை மர நிழலில் மூன்று பேர் இருந்தார்கள். வயசாளியான கந்தப்போடி, தன் வயல் நெல் அக்கரையிலிருந்து வரும் என்று காலையிலிருந்து காத்திருந்தார். அந்த நெல்லை ஏற்றிப்போக லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினோடு வந்தவன் றவூப், நாற்பது வயதிருக்கும். நடுவில் சுளகில் வறுத்த கச்சான் கடலை வைத்து விற்றுக்கொண்டிருந்தவள் சின்னத்தங்கம். நெல்லும் வரவில்லை, நோன்பு மாதத்தில் கச்சானும் விலைப்படவில்லை. சும்மா இருந்த மூவரும் பழைய ஃபுட்போல் கதைக்குள் இறங்கி நெடுநேரமாகியிருந்தது. ஒரு காலத்தில் இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிமும் சேர்ந்து விளையாடிய 'லகூன் ஸ்டார்' என்ற டீம். அதைக் கெடுத்தது யார் என்பதுதான் வழக்கு.

"நல்லரத்தினந்தான்," என்றார் கந்தப்போடி. "கெப்டனாம். பந்து காலில பட்டா வீட்ட கொண்டு போய்த்தான் வைப்பான், ஒருத்தனுக்கும் குடுக்கான்."

"நாப்பது கோல் அடிச்சவன் போடியார்!" என்றான் றவூப்.

"அடிச்சான். ஓம். அதுக்கு எத்தினை பேரத் தள்ளி விழுத்தினான்? நான் எங்கட டீம் ஆக்களச் சொல்லுறன்."

சின்னத்தங்கம் சிரித்தாள். "அவனை உடுங்க. டீமைப் பழக்கின அழகரத்தினம் வாத்தியார்? மாரி மழைக்குள்ள ஓட உட்டு, அரைவாசிப் பேரக் காய்ச்சல்ல படுக்கப் போட்டாரே!"

"என்னகா கதைக்காய்? சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினவனுகளுக்குக் காற்சட்டை தைச்சுக் குடுத்தது அந்த மனிசன்," என்றார் கந்தப்போடி.

"காற்சட்டை தைச்சா கோல் உழுமா?" என்றாள் அவள்.

ஸாலிஹா அவர்களுக்கு முதுகைக் காட்டி வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் காது அங்கேதான் இருந்தது. சண்டை பிடிக்கிறார்கள், ஆனால் யாருக்கும் கோபமில்லை. இப்படிச் சண்டை பிடிக்கிற சத்தத்தை அவள் கேட்டுப் பல வருடம். அது காதில் விழ விழ நெஞ்சின் படபடப்பு கொஞ்சம் அடங்குவது போலிருந்தது. அப்போது றவூப் சொன்னான்:

"ரெண்டு பேரும் பிழை. டீமை அழிச்சது கோல்கீப்பர்."

அவளுடைய விரல்கள் கம்பியைப் பிடித்தன.

கதையை மூவரும் பங்கு போட்டுச் சொன்னார்கள். எண்பத்துமூன்றாம் ஆண்டு, கலவரத்துக்கு இரண்டு கிழமைக்கு முந்தி நடந்த கடைசி ஃபைனல். அதுவும் ஒரு நோன்பு மாதம். தலைமை தாங்க வந்த பெரிய மனிதர் ஒரு மணித்தியாலம் பிந்தியதால் ஆட்டமும் பிந்தியது. ஒன்றுக்கு ஒன்று. மேலதிக நேரமும் முடியப் போகிறது. எதிர் டீமுக்குக் கோணர் கிக். அடிக்கிறவன் ஓடி வருவதற்காகப் பின்னால் நகர, பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு எழும்பியது. லகூன் ஸ்டாரின் கோல்கீப்பர் மீராசாஹிப், கம்பத்தடியில் லேஞ்சித் துணிக்குள் முடிந்து வைத்திருந்த பேரீச்சம்பழத்தை எடுக்கக் குனிந்தார். குனிந்த முதுகுக்கு மேலால் பந்து உள்ளே போனது.

"பாங்கு சொன்னா உடன நோன்பு தொறக்கோணும், ஓம், அது சுன்னத்து," என்றான் றவூப். "எண்டாலும் கோணர் அடிக்கிற நேரத்திலயா?"

கந்தப்போடிக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "விடியப்புறம் தொட்டு ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம நிண்டவன்டா தம்பி. அதுக்கு முதல் ஆறு பந்து புடிச்சவன். ஆறு! நீ நோன்போட இந்த வேலியத் தாண்டிக் காட்டு பாப்பம்."

"பிழை பெரிய மனிசன்ட," என்றாள் சின்னத்தங்கம். "நேரத்துக்கு வந்திருந்தா பொழுது பட முந்தி முடிஞ்சிருக்கும்."

"உங்களுக்கு விளங்காது. அது நோன்பே இல்ல." றவூப் எழும்பி நின்றுவிட்டான். "அவர் ஆரு? எங்கட ஊருக்கு மாப்பிள்ளையா வந்தவர். கப்பு எடுத்த டீம் எந்த ஊர்? அவர் பொறந்த ஊர். அவர்ர காக்காவும் தம்பியும் அங்கால நிண்டு விளையாடுறானுகள். பெத்த ஊருக்கு உட்டுக் குடுத்திட்டார். துரோகி—"

சொல் வெளியே வந்ததும் அவனே திடுக்கிட்டான். சின்னத்தங்கத்தின் கை சுளகிலேயே நின்றது. சோதனைச் சாவடியின் மண்மூட்டைப் பக்கம் ஒருதரம், வாவிக்கு அப்பால் ஒருதரம் கந்தப்போடி பார்த்தார். அந்தச் சொல்லை ஒரு மட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டால் போதும், வேறு விசாரணை தேவைப்படாத காலம் அது.

"அந்தச் சொல்லை இவடத்த எடுக்காத தம்பி," என்றாள் சின்னத்தங்கம் மெதுவாக. "பந்துக் கதைக்கு அது வேணாம்."

ஸாலிஹா கம்பியை விடவில்லை. வாப்பா பந்து விளையாடியவர், கோலில் நின்றவர் என்று அவளுக்கு லேசாகத் தெரியும். பள்ளிவாசலுக்குப் போகும்போது மைதான வீதியை விட்டுவிட்டு அவர் ஏன் சுற்றிப் போகிறார் என்பது தெரியாது. உம்மா கோபத்தில், "அவ்வளவு எண்டா ஒங்கட ஊருக்குப் போங்க" என்றால், எதற்கும் பதில் சொல்கிறவர் அதற்கு மட்டும் வாய் திறக்காமல் எழும்பிப் போவார். ராக்கைத் தட்டிலிருந்து எது வழுகினாலும் தரையில் விழுமுன் அவர் கையில் இருக்கும். போன கிழமை கூட, தொட்டிலில் சரிந்த பிள்ளையை அறையின் மறுமூலையிலிருந்து பாய்ந்து பிடித்தார். அந்தக் கைகளுக்கு ஊரில் இப்படி ஒரு பெயரா? இங்கே சொல்கிறவன் அங்கேயும் இருப்பானே. அக்கரையில் யாராவது அவரை அடையாளம் கண்டு, இதே சொல்லைச் சொல்லியிருந்தால், அதைக் கேட்டவன் கையில் துவக்கு இருந்திருந்தால்?

படகுப்பாதைக்காரன் கடைசிப் பயணத்துக்கு மணியடித்தான். போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பினால், பிறகு விடியும் வரை இல்லை. கேட்பதென்றால் இப்போது கேட்க வேண்டும். கேட்பதென்றால் யார் மகள் என்று சொல்ல வேண்டும். அவள் மூன்று அடி நடந்து, சின்னத்தங்கத்தின் பக்கத்தில் குந்தினாள்.

"மாமி, வாப்பா வரல்ல."

"ஆருகா வாப்பா?"

"சாரன் விக்கப் போனவர். காலம முதல் பாதையில."

"பேரென்ன மகள்?"

ஆம்பிளைகள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "மீராசாஹிப்," என்றாள். அது காணாது என்று நினைத்தவள் போல, தரையைப் பார்த்தபடி, "கோல்கீப்பர்," என்றும் சொன்னாள்.

றவூப் தொப்பியைக் கழற்றினான், திரும்பப் போட்டான். பிறகு படகுப்பாதையை நோக்கி ஓடினான். "நிப்பாட்டு, நானும் வாறன்!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

கந்தப்போடி அந்த வயசிலும் அவனை எட்டி, சேட்டில் பிடித்து இழுத்தார். "விசரா உனக்கு? நீ போனா மறுகா ரெண்டு பேரத் தேடோணும். எனக்கு அங்கால முகம் தெரியும். நான் போறன்."

"போடியார், நான்தானே அந்தச் சொல்லை..."

"ஓம். அதுக்கு நீ இஞ்ச நிண்டு துஆ கேளு. புள்ளயப் பாத்துக்கொள்." வேட்டியை மடித்துக்கொண்டு கந்தப்போடி ஏறினார்.

படகுப்பாதை போவதற்கு இருபது நிமிடம், வருவதற்கு இருபது நிமிடம். ஸாலிஹா தன் வாழ்நாளில் பார்த்த மிக நீளமான நேரம் அது. வாவியில் அலையே இல்லை. ஒரு நீர்க்காகம் கம்பில் இருந்து இறக்கையை விரித்துக் காய வைத்தது. றவூப் அவளைப் பார்க்காமல், வாவியையும் பார்க்காமல், லாண்ட்மாஸ்டர் சக்கரத்தின் சேற்றைத் தடியால் சுரண்டிக்கொண்டிருந்தான். "நல்ல கோல்கீப்பர்தான் புள்ள," என்றான் ஒருதரம். பிறகு, "ஆறு பந்து. நானும் எண்ணின," என்றான். சின்னத்தங்கம் அவளுடைய கையைத் தன் மடிக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். கச்சான் மணந்த கை.

தூரத்தில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது படகுப்பாதை. பிறகு அதில் ஆட்கள் தெரிந்தார்கள். கந்தப்போடியின் வெள்ளைத் தலை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி, வெள்ளைச் சேட்டில், வாப்பா. அவள் எழும்பினாள். சேட்டின் நெஞ்சில் ஒரு பெரிய கறை. கறுத்துப் போய், வட்டமாக.

"அல்லாஹ்," என்றாள். சின்னத்தங்கமும் அதைக் கண்டாள் போல. பிடி இறுகியது.

அப்போதுதான் தண்ணீருக்கு மேலால் சத்தம் வந்தது. எஞ்சின் இரைச்சலையும் மீறிக் கந்தப்போடி கத்திக்கொண்டிருந்தார். "இடக்கைப் பக்கமா குனிஞ்சாய், நான் பாத்த!" அதைவிடச் சத்தமாக வாப்பாவின் குரல்: "நீங்க கோலுக்குப் பின்னாலயா நிண்ட? வலக்கைப் பக்கம், போடியார், வலக்கைப் பக்கம்!"

ஸாலிஹா அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள். வாப்பா இப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. முக்காட்டை முகத்தில் பொத்திக்கொண்டாள்.

கரை தட்டியபோது கறை என்னவென்று தெரிந்தது. சேறு. வட்டமான சேறு. பந்தின் தையல்கூட அதில் பதிந்திருந்தது.

வாப்பா வேலிக்கு அப்பால் சோதனை வரிசையில் நின்றபடியே மகளைக் கண்டார். "என்னடி புள்ள, நீயா வந்தாய்? உம்மா பயந்திட்டாவா?" அவர் முகம் வெயிலில் கறுத்து, கண் மட்டும் மினுங்கியது. "உடுறானுகளா பாரு! வெட்டின வயல் வட்டைக்குள்ள சாரனை விரிச்சன். ஒரு வயசாளி, 'இது அந்தப் பேரீச்சம்பழமல்லோ' எண்டிட்டான். சரி, முடிஞ்சுது எண்டு நினைச்சன். பாத்தா ஊரே பந்தோட வந்து நிக்கு. வரம்பில ரெண்டு தடி நட்டு, ஒவ்வொருத்தனா வந்து அடிக்கானுகள். நோன்பு எண்டு சொல்லியும் உடுறானில்ல. துவக்கோட நிண்ட பொடியன் ஒருத்தன், துவக்கை மத்தவன்ட கையில குடுத்திட்டு வந்து அடிச்சான். அந்த அடிதான் இது." நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"சாரன்?" என்று கேட்டாள் சின்னத்தங்கம்.

"நாப்பத்தொண்டு போச்சு. மிச்சத்தையும் கொண்டு வரட்டாம், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு. பந்தும் இரிக்காம்."

வரிசை நகர்ந்தது. றவூப் வேலியை ஒட்டி அவரோடு கூடவே நடந்தான். கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் விடவும் முடியவில்லை போல. கடைசியில் கம்பிகளுக்கு நடுவால் முகத்தை வைத்தான்.

"காக்கா, ஒண்டு கேக்கன், கோவிக்காதீங்க. அண்டைக்கு நீங்க, வேணுமெண்டுதானா குனிஞ்ச?"

வாப்பா அவனைப் பார்த்தார். கோபமில்லை. எதையோ சொல்ல வாய் திறந்தார். வரிசை முழுக்கக் காதைக் கொடுத்தது. அதற்குள் சாவடியிலிருந்த ஆமிக்காரன் விரலைச் சொடுக்கி அவரை முன்னே வரச் சொன்னான்.

சைக்கிளைக் கந்தப்போடியிடம் கொடுத்துவிட்டு வாப்பா முன்னால் போனார். கால்களை அகட்டி நின்று, இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கினார். உள்ளங்கைகள் திறந்திருந்தன. ஆமிக்காரன் அக்குளிலிருந்து தடவிக்கொண்டு வந்து, நெஞ்சில் பதிந்த வட்டத்தில் கையை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தான். வாப்பா அவனைப் பார்க்கவில்லை. அவனுடைய தோளுக்கு மேலால், வீதி வளைவுக்கும் அப்பால், எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"பந்தை உடாதீங்க காக்கா!" என்று வரிசையில் யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றும் விளங்காமல் ஆமிக்காரனும் சிரித்தான்.

தன் வாப்பா கோலில் நின்றதை ஸாலிஹா ஒருநாளும் கண்டதில்லை. விரித்த கைகளோடு, குதிகால் இரண்டும் மண்ணிலிருந்து லேசாக எழும்பியிருக்க, யாரோ ஓடி வந்து அடிக்கப் போகும் பந்துக்காக அவர் காத்து நின்றார்.