எட்டாவது விசை

இரண்டாவது ஒலிபெருக்கியையும் தோட்டத்துக்குத் தூக்கி வந்து புல்மேல் இறக்கியபோது எஸ்பெனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "அய்யோ" என்று வாய்விட்டே கத்தினான். ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய பெட்டிகள் அதிகம்தான். ஆனால் மகள் அல்பெர்தே பள்ளிப் படிப்பை முடித்து வெள்ளைத் தொப்பி போட்ட வாரம் இது. வகுப்பு மொத்தமும் லாரியில் ஏறி, ஹோர்சென்ஸ் ஊரையே ரெண்டாக்கிக்கொண்டு வீடு வீடாக வரும். ஒரு பிள்ளைக்கு ஒரு வீட்டில்தான் லாரி நிற்கும். அப்பா அம்மா பிரிந்த பிள்ளைகள் ஏதாவது ஒரு வீட்டைத்தான் சொல்ல முடியும். அல்பெர்தே இந்த வீட்டைச் சொல்லியிருந்தாள். அது தெரிந்த நாளிலிருந்து எஸ்பெனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கொடிக் கம்பத்தைத் துடைத்து, கொடி ஏற்றி, வேலி முழுக்கச் சின்னக் கொடிகளைச் செருகி, புல்லை இரண்டு தடவை வெட்டிவிட்டான்.

இந்த எஸ்பென்தான் ஒரு காலத்தில் டிஜே எஸ்கோ. அவனுடைய முதல் பாட்டு வெளிவந்த கோடையில் டென்மார்க்கில் ஒருவரும் அதிலிருந்து தப்பவில்லை. சலூனில், பெட்ரோல் பங்கில், பல் பிடுங்கும் நாற்காலியில்கூட அதுதான் ஓடியது. அப்புறம் சில வருஷம் விமானத்திலேயே குடியிருந்தான். ஸ்பெயின் கடற்கரை, ஜகார்த்தா, துபாய். போன இடமெல்லாம் ஆயிரக்கணக்கானவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் குதித்தார்கள். காதில் அடைப்பான் வைத்துக்கொள் என்று சொல்லாத ஆளில்லை. வைத்தால் கூட்டத்தின் சத்தம் எட்டவில்லை என்று பிடுங்கி எறிந்துவிடுவான். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் அப்புறம் எதற்கு இந்தப் பிழைப்பு? பிறகு எல்லோருக்கும் ஆவதுதான் அவனுக்கும் ஆனது. புதுப் பையன்கள் வந்தார்கள். எஸ்கோ கம்பெனிக்காரர்களின் கிறிஸ்துமஸ் விருந்துக்கும் புதுக்கடைத் திறப்புக்கும் கூப்பிடுகிற ஆளாகிப்போனான். இப்போது, நாற்பத்தைந்து வயதில், யாரும் எதிர்பாராமல் இந்தச் சனிக்கிழமை கோடைவிழாவின் பெரிய கூடாரம் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. விட்டால் இனி ஒருவனும் கூப்பிட மாட்டான். அது அவனுக்கே நன்றாகத் தெரியும்.

அதற்கென்றே ஒரு புதுப் பாட்டு செய்திருந்தான். தனியாக. அந்தத் 'தனியாக'வில்தான் விஷயமே இருக்கிறது. இத்தனை வருஷமும் எஸ்பென் பாட்டைக் கட்டுவான், கடைசியாக அதை இழைத்துப் பளபளப்பாக்கித் தருவது பியார்கேவின் வேலை. பியார்கே அரைக்கால் சட்டைக் காலத்துச் சிநேகிதன், அல்பெர்தேவுக்கு ஞானத்தகப்பன். "நல்லாத்தான் இருக்கு, லேசாத் தொட்டேன், அவ்ளோதான்" என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் அனுப்புவான். போன குளிர்காலத்தில் எவனோ ஒரு பொடியன் இணையத்தில் எழுதிவிட்டான், எஸ்கோவின் பாட்டுகளில் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருப்பதெல்லாம் பியார்கேவின் கைவண்ணம் என்று. அதைப் படித்த எஸ்பெனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. உடனே பியார்கேவுக்குப் போன் போட்டு, இந்தப் பாட்டைத் தொடாதே என்றான். "ஒரே ஒரு தடவ கேக்கவாவது குடுடா" என்று பியார்கே கெஞ்சினான். இவன் ஏன் இப்படிக் கிடந்து தவிக்கிறான், தன் பேர் போய்விடும் என்றா என்று எஸ்பெனுக்கு இன்னும் எரிந்தது. கொடுக்கவில்லை.

ஒலியின் உயரத்தையும் பள்ளத்தையும் படமாகக் காட்டும் வசதி எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் இருக்கும். எஸ்பென் அதை மூடிவைத்துவிட்டுத்தான் வேலை செய்வான். கண்ணால் பாட்டு செய்கிறவன் நானில்லை என்று பேட்டிகளில் வேறு பீற்றிக்கொண்டிருக்கிறான். புதுப் பாட்டில் உச்சஸ்தாயியில் ஒரு மெல்லிய இழை சேர்த்தான். முதலில் அது கேட்கவே இல்லை. ஏற்றினான். இன்னும் ஏற்றினான். அவன் காதுக்குள் எப்போதும் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டிருக்கும். 'ஃப்ரிட்ஜ்' என்று அதற்குச் செல்லப்பேர். அந்த ஃப்ரிட்ஜையும் தாண்டி லேசாக ஒன்று மினுங்கியபோது, ஆஹா, இதுதான் என்று அங்கே நிறுத்தினான். சனிக்கிழமை மேடையில் தானே கலந்து வாசிக்கப் பாட்டை எட்டு இழைகளாகப் பிரித்து, மேலும் கீழும் தள்ளுகிற எட்டு விசைகளில் ஏற்றிவைத்திருந்தான். எட்டாவது விசை அந்த மெல்லிய இழைக்கு.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு இங்கெர் தலையை நீட்டினாள். கையில் நாயின் கயிறு.

"இன்னிக்கும் அந்தப் பாட்டுதானா எஸ்பென்?"

"பின்ன? புள்ளைங்க வர்றாங்கல்ல."

"அப்ப நான் பெல்லாவக் கூட்டிக்கிட்டு எங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிடுறேன்ப்பா. நீ அதைப் போட்டாலே கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குது. எலும்பக் காட்டினாக்கூட வர மாட்டேங்குது."

"உங்க நாயி பழைய பாட்டுக்கு ரசிகை போல."

இங்கெர் சிரித்தாள். அவனும் சிரித்தான். நாய் அதற்குள் வாசலைப் பார்த்து இழுக்க ஆரம்பித்துவிட்டது.

சற்று நேரத்தில் பியார்கே சைக்கிளில் வந்து இறங்கினான், பின்னால் சாசேஜ் பெட்டி. இருவரும் நேருக்கு நேர் பார்த்து நான்கு மாசம் ஆகியிருக்கும்.

"கூப்பிடலன்னாலும் வருவேன்" என்றான் பியார்கே. "அவ எனக்கும் பொண்ணுதான்."

"யார்றா வேணாம்னா? அடுப்பப் பத்த வை."

பியார்கே அடுப்பைப் பற்றவைத்தான். ஆனால் கண் ஒலிபெருக்கிகள் மேலேயே இருந்தது. "புதுசையா போடப் போற?"

"வேற எத?"

"பழசப் போடேன்டா. புள்ளைங்க ஆடிட்டுப் போகட்டும்."

"அது இதுங்க பொறந்த வருஷத்துப் பாட்டு. என்னையத் தூக்கி மியூசியத்துல வச்சிடலாம்னு பாக்குறியா?"

பியார்கே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். சாசேஜ்களை வரிசையாக அடுக்கத் தொடங்கினான்.

லாரி வருவதற்கு முன்னால் அதன் இரைச்சல் வந்தது. பக்கமெல்லாம் பச்சைக் கிளைகள், குறுக்கே 'ஹாரன் அடிச்சா ஒரு மடக்கு' என்று எழுதிய படுக்கை விரிப்பு, அதற்கு மேலே வெள்ளைத் தொப்பிகள். தெருவில் போன கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன, பிள்ளைகளும் பீரைக் குடித்துச் சொன்ன வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அல்பெர்தே முதல் ஆளாகக் குதித்து ஓடி வந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்ப் பாதிக் குரல்தான் வந்தது.

"ப்பா, இவ்ளோ கொடியா! ராணி வர்றாங்களா?"

"ராணி வந்தாச்சுல்ல" என்றான்.

பீரும் சாசேஜும் கைமாறின. யாரோ ஒருத்தன் "எஸ்கோ! எஸ்கோ!" என்று ஆரம்பிக்க, மொத்தக் கூட்டமும் பிடித்துக்கொண்டது. பாதி கிண்டல்தான், அவனுக்குத் தெரியாதா? இருந்தாலும் அந்தப் பேரை இத்தனை வாய் சேர்ந்து சொல்லிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. மேசைக்குப் பின்னால் போய் நின்றான். முதல் விசையை ஏற்றினான். கீழே இருந்து அடி கிளம்பியது. பிள்ளைகள் ஆடினார்கள். ஒவ்வொன்றாக ஏற்ற ஏற்ற ஆட்டம் சூடுபிடித்தது. இது வேலைக்காகும், சனிக்கிழமை கூடாரமே கிழியப் போகிறது என்று அவன் மனசும் சேர்ந்து குதித்தது. எட்டாவது விசையில் விரலை வைத்து மெதுவாக மேலே தள்ளினான்.

முன்னால் ஆடிக்கொண்டிருந்த பெண் நின்றுவிட்டாள். அவள் பக்கத்தில் இருந்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். ஒருத்தன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தான். ஏன் நின்றுவிட்டார்கள்? அந்த இழை இன்னும் எடுபடவில்லையோ? திறந்த வெளியில் அப்படித்தான், காற்று தின்றுவிடும். இன்னும் தள்ளினான். இப்போது கை பீரிலும் சாசேஜிலும் இல்லாதவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அல்பெர்தே ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டு விசையைக் கீழே இழுத்தாள்.

"என்ன பண்ற நீ?" என்றான் எஸ்பென்.

"ப்பா, பழசப் போடேன். எல்லாருக்கும் அதான் தெரியும்."

"புதுசுக்கு என்ன கேடு?"

"ஒண்ணுமில்லப்பா. பெட்டியில ஏதோ கோளாறு போல."

"பெட்டி நேத்து வாங்கினது."

தொப்பியை இழுத்துவிட்டிருந்த பையன் இடையில் புகுந்தான். "நல்லாத்தான் இருந்துச்சு எஸ்கோ. அந்த விசில் மட்டும் இல்லன்னா..."

"எந்த விசில்?"

பையன் அல்பெர்தேவைப் பார்த்தான். அவள் அவனை எரித்துவிடுவதுபோல் முறைத்தாள். எஸ்பென் பியார்கேவின் பக்கம் திரும்பினான். அடுப்பில் சாசேஜ் கருகிக்கொண்டிருந்தது, பியார்கே அதைத் திருப்பிப் போடாமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எந்த விசில்டா?"

பியார்கே இடுக்கியும் கையுமாகப் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீ மேல வச்சிருக்கியே, அது. ஊசியால குத்துற மாதிரி இருக்குடா. உனக்கு அது கேக்கல. மேல இருக்குறது எதுவுமே ரொம்ப நாளாக் கேக்குறதில்ல உனக்கு."

"ரொம்ப நாளாவா?"

"அல்பெர்தே சைக்கிள் கத்துக்கிட்டாளே, அந்த வருஷத்துலேர்ந்து. ஒவ்வொரு பாட்டுலயும் நான் அதைத்தான் எறக்கிட்டு இருந்தேன்."

"லேசாத் தொட்டேன்னு சொல்லுவ."

"பொய் சொன்னேன். தெரிஞ்சா நீ நிறுத்திடுவ. நீ நிறுத்திட்டா எனக்கு மட்டும் என்ன இருக்கு? பயம்டா எனக்கு."

எஸ்பெனுக்கு முகமெல்லாம் சூடேறியது. சனிக்கிழமைக்கு முன்னால் பார்த்து, பெற்ற பெண்ணின் நாளில் பார்த்து, அவள் சிநேகிதர்கள் முன்னால் வைத்து இவன் இதைச் சொல்வானா? "வயித்தெரிச்சல்ல பேசுற" என்றான் உரக்கவே. மகளிடம் திரும்பினான். "நீ சொல்லு. இவன் புளுகுறான்தானே?"

"எனக்குத் தெரியாதுப்பா" என்றாள் அல்பெர்தே. அவசரமாகச் சொன்னாள்.

அந்த அவசரத்தை அவன் எங்கேயோ பார்த்திருக்கிறான். போன கிறிஸ்துமஸில் அடுப்புக்குள் வாத்து தீய்ந்துபோனது. நேரம் ஆனால் கீச்சென்று கூப்பிடுகிற மணி கெட்டுப்போச்சுப்பா என்று இதே அவசரத்தோடு சொன்னாள். அவன் கடைக்குப் போய் வேறு மணி வாங்கி வந்தான். கொஞ்ச நாளில் அதுவும் கெட்டுப்போச்சு என்றாள். அதற்குப் பிறகு அவள் இங்கே வரும் வார இறுதிகளில், உள்ளே ஏதாவது வெந்துகொண்டிருந்தால் சமையலறையை விட்டு நகர மாட்டாள். பாடப் புத்தகத்தோடு அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பெண்ணுக்குச் சமையலில் ஆர்வம் வந்துவிட்டது என்று அவன் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான்.

லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. சிலர் ஏறிவிட்டார்கள், சிலர் ஏறுவதா வேண்டாமா என்று நின்றார்கள். "இருங்க" என்று எஸ்பென் மைக்கை எடுத்தான். "ஒரு நிமிஷம். யாரும் போகாதீங்க."

"ப்பா, வேணாம்ப்பா" என்றாள் அல்பெர்தே.

அவன் ஏழு விசைகளையும் அடிவரை இறக்கினான். எட்டாவதை மட்டும் பழைய இடத்துக்கு ஏற்றினான். தோட்டம் அமைதியாக இருந்தது. கொடிக் கம்பத்தில் கயிறு தட்டுவது கேட்டது, லாரியின் எஞ்சின் முனகுவது கேட்டது, காதுக்குள் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. கடவுளே, இவர்கள் எல்லோரும் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டான்.

"இப்ப ஏதாவது கேக்குதா?" என்றான் மைக்கில். "கேக்குறவங்க கையத் தூக்குங்க."

லாரியின் மேல் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். அப்புறம் அவள் பக்கத்தில் ஒருவன். அப்புறம் புல்மேல் நின்றவர்கள். ஒரு கையால் காதை மூடிக்கொண்டு மறு கையைத் தூக்கினார்கள். வெயிலில் வெள்ளைத் தொப்பிகளும் அவற்றுக்கு மேலே கைகளுமாக, ஸ்பெயினிலும் ஜகார்த்தாவிலும் அவன் கண்ட அதே காட்சி. கடைசியில், இடுக்கியைப் பிடித்தபடியே, பியார்கேவும் தூக்கினான்.

தூக்காதவள் ஒருத்திதான். அல்பெர்தே அவனுக்கு நேர் எதிரே நின்றாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. ஒன்றும் கேட்கவில்லை என்கிற மாதிரி அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணில் நீர் முட்டியது, இரண்டு முஷ்டிகளும் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகியிருந்தன.

எஸ்பென் மைக்கைக் கீழே வைத்தான். எட்டாவது விசையில் விரலை வைத்தான். மற்ற கைகளையெல்லாம் விட்டுவிட்டு மகளின் முஷ்டியை மட்டும் பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்ல அதைக் கீழே இழுத்தான். பாதிக்கு வந்தாயிற்று. இன்னும் கொஞ்சம் இழுத்தான். அவள் விரல்கள் இன்னும் விரியவில்லை.