மூன்றாவது கப்ளர்

ஜெபராஜின் கார் முதல் தடவை அப்பாஸின் கடைக்கு வந்தபோது அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. இருபது வயதைத் தாண்டிய பெட்ரோல் கார், ஒரு பக்க ஹெட்லைட் எரியவில்லை. விளக்குக்குப் பின்னால் ஒயர்களைச் சேர்க்கிற பிளாஸ்டிக் கப்ளர் சூட்டில் உருகி, உள்ளே இருந்த பின்கள் பச்சை பூத்துக் கிடந்தன. அப்பாஸ் கருகின ஒயரை நல்ல செம்பு தெரிகிறவரை வெட்டினான். புதுப் பின் வைத்து அழுத்தி, புது கப்ளரில் சொருகி, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கினான்.

ஓசூர் பாகலூர் ரோட்டில் அவனுடையது ஒற்றை ஷட்டர் கடை. கார் ஒயரிங் வேலை மட்டும்தான் எடுப்பான். ஜெபராஜ் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தன் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டார். வேலை முடிகிறவரை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, உருகிப்போன பழைய கப்ளரையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"எதுக்கு சார் இது?"

"புதுசு மாத்துனதுக்கு அத்தாட்சி வேணும்ல."

கொஞ்ச நாளில் கார் மறுபடி நின்றது. இந்த முறை ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. பெட்ரோல் பம்புக்குப் போகிற கப்ளர் வெளியே பார்க்க நன்றாகத்தான் மாட்டியிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு பின் பின்னால் நழுவி, எதிர்ப் பின்னைத் தொடாமல் நின்றது. பழைய வண்டி, குலுங்கிக் குலுங்கி நழுவியிருக்கும் என்று நினைத்து அப்பாஸ் அதை உள்ளே தள்ளி உட்கார வைத்தான்.

"போன தடவை நீ வேலை பாத்த வண்டி," என்றார் ஜெபராஜ்.

"போன தடவை பாத்தது முன்னாடி லைட்டு சார். இது வேற லைனு."

"ரெண்டும் நீ தொட்ட பெறகுதான் போச்சு."

அப்பாஸ் டூல் பையை மூடினான். வீட்டில் மனைவி தஸ்லிமிடம் சொன்னபோது, "அவரு மறுபடி வந்தா வேற கடையப் பாத்துக்கச் சொல்லிரு. பேரக் கெடுத்துருவாரு," என்றாள்.

ஆனால் மூன்றாவது தடவை கார் கடைக்கு வரவில்லை, வீட்டிலேயே நின்றுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும் ஜெபராஜ் போன் செய்தார். காவேரிப்பட்டினத்தில் தன் அக்கா வீட்டு விசேஷத்துக்கு அந்த வாரம் காரில் போயே ஆகவேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்பாஸ், யாரோ வேணும்னே பண்றாங்க. நேர்ல வா, சொல்றேன்."

அந்தப் பேச்சில் தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று அப்பாஸுக்குப் பட்டது. போகாமல் இருந்தால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். டூல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஜெபராஜ் கேட்டிலேயே காத்திருந்தார். கேட்டுக்கு மேலே புதிதாக ஒரு கேமரா மாட்டியிருந்தது. பக்கத்து வீட்டைக் கண்ணால் காட்டினார்.

"மணிவேல். அவன் வீட்டு வாசல்ல நான் நிழலுக்கு வண்டி நிறுத்துறது அவனுக்குப் பிடிக்காது. அவன்தான்னு நெனச்சேன். வண்டிய உள்ளயே நிறுத்திட்டு கேமரா வச்சேன். இந்த வாரம் பூரா போட்டுப் பாத்தேன், வெளியிலருந்து ஒரு ஆளும் உள்ள வரல." அப்பாஸின் முகத்தையே பார்த்தபடி சொன்னார். "அப்ப இது வண்டி கடையில இருந்தப்பவே பண்ணி வச்ச வேலையா இருக்கணும். நாள் பாத்து நிக்கிற மாதிரி."

"அப்பிடியெல்லாம் நாள் பாத்து நிக்க வைக்க முடியாது சார்," என்றான் அப்பாஸ். காது சூடேறியது. "பானெட்டத் தூக்குங்க. உங்க கண்ணு முன்னாடியே பாக்கறேன்."

இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சாரின் கப்ளரில்தான் கோளாறு. கழற்றி டார்ச் அடித்தான். மறுபடியும் ஒரு பின் உள்ளே போயிருந்தது. ஆனால் இந்த முறை அவன் அவசரப்படவில்லை. கப்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

எலி கடித்தால் ஒயரில் பல் தெரியும். யாராவது பிடித்து இழுத்திருந்தால் பின்னைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருக்கும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. பூட்டைத் தூக்கி, நாக்கை நெம்பி, பின்னைப் பின்னால் விட்டு, மறுபடி பூட்டை அழுத்தி மூடியிருந்தார்கள். அப்பாஸ் அந்த வேலையைத் தேய்த்துக் கூராக்கின குடைக்கம்பியில்தான் செய்வான். எவ்வளவு பார்த்துச் செய்தாலும் ஒரு கோடு விழும். இதைச் செய்தவர்களிடம் அதற்கென்றே செய்த கருவி இருந்திருக்கிறது. பழகின கையும் இருந்திருக்கிறது.

ஜெபராஜின் மகள் பெனிஷா டீ கொண்டு வந்தாள். அப்பாஸ் குடைக்கம்பியைக் கப்ளருக்குள் விடுவதைப் பார்த்ததும் அவள் வாய் தானாகப் பேசிவிட்டது.

"அண்ணா, அந்தப் பக்கம் வேணாம். டெர்மினல் பின் வளைஞ்சிரும்."

சொன்ன பிறகு தட்டைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. அப்பாஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நீங்க எந்தக் கம்பெனிம்மா?"

"அவ ஒயரிங் ஹார்னெஸ் கம்பெனிதான்," என்றார் ஜெபராஜ், பெருமையாக. "கார் ஒயரிங் மொத்தமும் அங்கதான் கட்டுறாங்க. இவ ரீவொர்க் லைன்ல, தப்பா மாட்டுன பின்னக் கழட்டி மாத்துற எடத்துல இருக்கா. ஆனா அப்பன் வண்டிய மட்டும் வித்துருங்கன்னு நச்சரிப்பா. இவளும் பெங்களூர்ல இருக்கற இவ அண்ணனும் சேந்து."

உள்ளே அவர் போன் அடித்தது. எடுக்கப் போனார்.

"நீங்கதானா?" என்று அப்பாஸ் மெதுவாகக் கேட்டான்.

அவள் மறுக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே வேகமாகச் சொன்னாள். கிருஷ்ணகிரியிலிருந்து வரும்போது சூளகிரி பக்கத்தில் அப்பா பேசிக்கொண்டே இருந்தவர் அப்படியே நின்றுபோனார். கண் திறந்திருக்கிறது, கால் ஆக்சிலேட்டரில் இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கவில்லை. வண்டி லாரிப் பக்கம் சாய்ந்துகொண்டே போனது. அவள்தான் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். அவருக்கு அது ஞாபகமே இல்லை, நீ தூங்கிக் கனவு கண்டிருப்பே என்கிறார். டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறார்.

"அண்ணன் மேக்ஸ்வெல்கிட்ட சொன்னா, வயசாச்சு, பாத்துக்கோன்னு வச்சிடறான். சாவிய ஒளிச்சு வச்சேன், டூப்ளிகேட் வாங்கிட்டு வந்துட்டாரு. வேற எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்ச வேலையத்தான் பண்ணேன். நீங்க இது இனி தேறாதுன்னு சொல்லிருங்கண்ணா."

"அதுல என் பேரு போச்சே. அவரு என்னையத்தான் சந்தேகப்படறாரு."

"தெரியும்," என்றாள். கண் கலங்கியிருந்தது.

அப்பாஸுக்கு அவளையும் முழுதாக நம்ப முடியவில்லை. வண்டியை விற்க அண்ணனும் தங்கையும் அவசரப்படுகிறார்கள் என்று இப்போதுதான் அவர் சொன்னார். கேமரா வைத்த அப்பனையே ஏமாற்றினவள், கடைக்காரனை ஏமாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அதே சமயம் அவள் சொன்னது உண்மையாக இருந்து, தான் வண்டியைச் சரிசெய்து கொடுத்து, அவர் அதில் காவேரிப்பட்டினம் கிளம்பினால்? அந்த ரோட்டில் லாரிகள் ஓடுகிற ஓட்டம் அவனுக்குத் தெரியும்.

பின்னை உட்கார வைத்து ஸ்டார்ட் செய்தான். இன்ஜின் பிடித்தது. ஜெபராஜ் வெளியே வந்தார்.

"ஓட்டிப் பாக்கணும் சார். நீங்களும் வாங்க."

சிப்காட் வரை அப்பாஸே ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உள் ரோடுகள் காலியாகக் கிடந்தன. கம்பெனி கேட்டுகளில் வாட்ச்மேன் மட்டும்தான். நேரான ஒரு ரோட்டில் வண்டியை நிறுத்தி, "நீங்க ஓட்டுங்க, மெதுவா. உங்களுக்குத்தான் இழுவை தெரியும்," என்று இடம் மாறினான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இடது கையால் பெல்ட்டைப் போட்டான். வலது கையை ஹேண்ட்பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டான். செய்வது சரியா என்று அவனுக்கே தெரியவில்லை.

முதல் சுற்றில் ஒன்றும் நடக்கவில்லை. அவர் நிதானமாக, அழகாக ஓட்டினார். இரண்டாவது சுற்றிலும் அப்படியே. அந்தப் பெண் கதை கட்டியிருக்கிறாள் என்று அப்பாஸ் முடிவுக்கு வந்துகொண்டிருந்தான். ஜெபராஜ் மணிவேலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

"அவன் மூஞ்சப் பாத்தாலே எனக்கு…"

பேச்சு அங்கேயே நின்றது. அப்பாஸ் திரும்பினான். அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வாய் எதையோ மெல்லுகிற மாதிரி அசைந்தது. ஒரு கை ஸ்டியரிங்கை விட்டுச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

"சார்."

கேட்கவில்லை. ரோட்டோரத் தண்ணீர் டேங்கைத் தாண்டி வண்டி வலது பக்கம் சாய்ந்து, எதிர்ப்புறக் கால்வாயை நோக்கிப் போனது. அப்பாஸ் ஸ்டியரிங்கைப் பிடித்து இடதுபக்கம் இழுத்தான். சாவியை ஒரு படி திருப்பி இன்ஜினை அணைத்தான். ஹேண்ட்பிரேக்கை மெல்ல மெல்லத் தூக்கினான். கார் மண்ணில் இறங்கி, ஒரு வேப்பங்கன்றைச் சாய்த்துவிட்டு நின்றது.

ஜெபராஜ் இன்னும் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கை நின்றது. சுற்றிலும் பார்த்தார். முகம் சிவந்தது.

"எதுக்கு ஹேண்ட்பிரேக்கப் போட்ட? என்னடா பண்ணப் பாக்கற நீ? பெனிஷா சொல்லிக் கொடுத்தாளா?"

"இல்ல சார். உங்களுக்கு நெனவு தப்பிருச்சு."

"பொய் சொல்லாத. நான் மணிவேலப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன். இன்னும் தண்ணி டேங்க்குகூட வரல, அதுக்குள்ள…"

சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தார். டேங்க் பின்னால் இருந்தது. உடம்பைத் திருப்பி, நேராகவே பார்த்தார். ரோட்டைவிட்டு வண்டி விலகி வந்த தடம் மண்ணில் தெரிந்தது.

"டேங்க்க எப்ப தாண்டுனோம்?" என்று கேட்டார். அந்தக் குரலில் அதட்டல் இல்லை.

"நீங்கதான் சார் ஓட்டிட்டு வந்தீங்க."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். காரைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து பக்கத்து சீட்டுக் கதவருகில் நின்றார். அப்பாஸ் ஓட்டுகிற சீட்டுக்கு நகர்ந்தான்.

"வண்டியில கை வச்சது யாருன்னு உனக்குத் தெரியும்ல?" வீடு நெருங்கும்போது கேட்டார்.

"அத நீங்க வீட்டுல கேட்டுக்கங்க சார்."

"மணிவேல் இல்ல."

"இல்ல."

"நீயும் இல்ல."

அப்பாஸ் வண்டியைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினான். பெனிஷா வெளியே வந்து நின்றிருந்தாள். அப்பா பக்கத்து சீட்டிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. அவர் அவளைத் தாண்டி உள்ளே போனார்.

வலிப்பில் இது ஒரு வகை என்று டாக்டர் சொன்னதாகவும், மாத்திரை எழுதி, இப்போதைக்கு ஓட்டவே கூடாது என்றதாகவும் கொஞ்ச நாள் கழித்துப் பெனிஷா போனில் சொன்னாள். உண்மையைச் சொன்னதிலிருந்து அப்பா தன்னோடு பேசுவதில்லை, ஆனால் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறார் என்றாள். காவேரிப்பட்டினத்துக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போய் வந்தார்களாம். "அவரு முன்னாடி சீட்டு, நான் பின்னாடி."

மழைக்காலம் ஆரம்பித்தபோது அதே கார் கடை வாசலில் வந்து நின்றது. பெனிஷா ஓட்டி வந்திருந்தாள், புது லைசென்ஸ். பக்கத்தில் ஜெபராஜ். அவள் பிரேக் பிடிப்பதற்கு முன்னால் அவருடைய கால் வெறும் தரையை அழுத்துவது அப்பாஸுக்குத் தெரிந்தது.

"எல்லா கப்ளரையும் ஒரு தடவ பாத்துரு அப்பாஸ்," என்றார். "இவ எதெத நோண்டி வச்சிருக்காளோ."

"மூணு தடவையில ரெண்டுதான் டாடி நான் பண்ணது. மொதல்ல உருகுனது தானா உருகுனது."

"அத அவன் பாத்துச் சொல்லட்டும்," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த முறை பார்த்தது அப்பாஸின் கையை அல்ல, மகளை. அப்பாஸ் பானெட்டைத் தூக்கினான். பெனிஷா டார்ச்சை எடுத்துப் பிடித்தாள்.