சரவணன் வரும் வெளிச்சம்

நர்மதா குழம்புச் சட்டியை அலசித் தண்ணீரைக் கொல்லையில் கொட்டியதும் வீட்டுக்குள் டிவி தானாக அலறியது. ஏதோ நகைக்கடை விளம்பரம். அதுவரை மங்கிக் கிடந்த கூடத்து பல்பு பளீரென்று எரிந்தது. முக்கி முனகிக்கொண்டிருந்த ஃபேன் வேகம் பிடித்தது. ஃப்ரிட்ஜ் பக்கத்து ஸ்டெபிலைசர் யாரோ கதவைத் தட்டுவதுபோல டக் டக்கென்று தட்டியது. "சரவணா! நைனா, வந்துட்டியாடா!" என்று உள்ளேயிருந்து மாமியார் சின்னப்பொண்ணு கூப்பிட்டாள். நர்மதா சட்டியும் கையுமாக நின்றாள். அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். புருஷன் லோகு வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. பின்மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தான். சட்டி விழுந்து நாலாக உடைந்தது. "பேஜாரு புடிச்சவளே, உன்னால ஊட்ல ஒரு வாய் சோறு நிம்மதியா துன்ன முடிதா?" என்றான்.

சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டின ஊர்களில் பல்பு மினுக்குவது அதிசயமே இல்லை. இரும்பு ஆலையில் உலையைப் போட்டால் ஊர் மொத்தத்துக்கும் வெளிச்சம் கண்ணடிக்கும். பழகிப்போன சனங்கள் தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். ஆனால் லோகு வீட்டு வெளிச்சம் உலைக்கு ஆடவில்லை, நர்மதாவுக்கு ஆடியது. கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து இந்தக் கூத்துதான். பகலெல்லாம் பல்பு அழுது வடியும். நர்மதா கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் கழுவினாலோ, துணி அலசினாலோ, தட்டி மறைப்புக்குள் குளித்தாலோ உள்ளே எல்லாம் ஒரேயடியாக விழித்துக்கொள்ளும். வேப்பம்பட்டில் இருக்கிற அம்மா வீட்டுக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்தாள். அந்த வாரம் முழுக்க வீடு இருண்டு, மூச்சில்லாமல் கிடந்ததாம். திரும்பி வந்து முதல் வேளை பாத்திரத்தை அலசினாள், டிவி கத்தியது. இதற்கு மேல் சின்னப்பொண்ணுக்கு என்ன சாட்சி வேண்டும்?

சின்னப்பொண்ணைக் கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவளுடைய இளைய மகன் சரவணகுமார் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தான். போன வருஷம் ஒரு நாள், உருளைக்கு நடுவே சிவக்கச் சிவக்க ஓடிவந்த கம்பி வழிதவறித் துள்ளி அவனைச் சுற்றிக்கொண்டது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது துணியை விலக்க விடவில்லை. பெற்றவள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று காலையில் அவன் கிளம்பும்போதுகூட, பல் துலக்குகிற சாம்பலை வாயில் வைத்துக்கொண்டு கையைத்தான் ஆட்டினாளாம், ஒரு வார்த்தை பேசவில்லையாம். அந்த ஒரு வார்த்தை அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது. டிவியும் அவன் சாவுக்குக் கம்பெனிக்காரன் கொடுத்ததில் வாங்கினதுதான். அது தானாகப் பேசினால் அவள் வேறு யார் என்று நினைப்பாள்? அவன் வந்திருக்கிறான், அண்ணி மேல் இறங்கியிருக்கிறான், வாய் திறக்கத்தான் வழி தெரியாமல் தவிக்கிறான். அவள் கணக்கு அவ்வளவுதான்.

நர்மதாவுக்குப் பேய் நம்பிக்கை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தன் உடம்புக்குள் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். "மாமா, லைன்ல இன்னாமோ கோளாறு. ஒரு எலக்ட்ரீஷியனக் கூட்டிகினு வா" என்று லோகுவிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். முதல் முறை தட்டு பறந்தது. இரண்டாம் முறை அவன் அவள் கையைப் பின்னால் முறுக்கி, "நான் போட்ட ஒயரிங்குடி இது. எவனாவது மீட்டர் பொட்டியத் தொட்டான், உன்னையும் வெட்டுவேன், அவனையும் வெட்டுவேன்" என்றான். எலக்ட்ரீஷியன் என்ற வார்த்தைக்கு ஒரு மனிதனுக்கு இவ்வளவு கோபம் ஏன் வரவேண்டும் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை. அடிக்கிறவன்தான், ஆனாலும் அவனிடத்திலும் ஈரம் உண்டு என்று நம்ப அவளிடம் ஒன்றே ஒன்று இருந்தது. தண்ணீரில் நின்று பாத்திரம் கழுவினால் காலில் எறும்பு ஊறுவதுபோல இருக்கிறது என்று மழைக்காலத்தில் ஒரு நாள் சொன்னாள். மறுநாளே கும்மிடிப்பூண்டி பஜாரிலிருந்து ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தான். "இத்தப் போட்டுக்கினுதான் கழுவணும், புரிதா?" என்றான். கல்யாணமாகி அவன் அவளுக்கென்று தேடிப்போய் வாங்கின ஒரே பொருள் அது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்வதற்குள் குப்புராஜ் வந்துவிட்டார். பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள். பேய் ஓட்டுவதில் பேர் போனவர். பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேசுவார், பேய்க்கு எது புரியுமோ என்று இரண்டையும் வைத்திருந்தார். கையில் புளியம் விளாறு ஒரு கட்டு. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக் கோலம் போட்டார். தெருவில் பாதிப் பேர் வேலியோரம் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஜெபா மட்டும், தன் வேதத்துக்கு இது ஆகாது என்பதுபோலச் சற்றுத் தள்ளித் தன் வாசலில் நின்றாள்.

"செருப்பக் கழட்டும்மா" என்றார் குப்புராஜ்.

"அது இருக்கட்டும் சாமி" என்றான் லோகு.

"இன்னாப்பா, தெய்வத்து முன்னாடி செருப்பா?"

நர்மதா கழற்றினாள்.

முதல் விளாறு தோளில் விழுந்தது. "எவரு நுவ்வு? பேரு சொல்லு!" அவள் நர்மதா என்றாள். இரண்டாவது முதுகில் விழுந்தது. தன் பேரைச் சொன்ன ஒவ்வொரு முறையும் அடி விழுந்தது. ஜாக்கெட் கிழிந்து ரத்தம் கோடு போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நர்மதா, நர்மதா என்றே சொன்னாள். பேரை விட்டுக் கொடுத்தால் தன்னிடம் மிச்சம் எதுவும் இருக்காது என்று பயமாக இருந்தது. "விட்ருங்க, பொண்ணு செத்துரப் போவுது" என்று ஜெபா கத்தினாள். வேலியோரம் நின்றவர்களில் ஒருத்தரும் அசையவில்லை. விட்டுக்கொடுக்காத பேய்தான் பெரிய பேய் என்பது அவர்கள் எண்ணம்.

குப்புராஜுக்கு வேர்த்துக் கொட்டியது. மஞ்சள் தண்ணீர்க் குடத்தை எடுத்துப் புருஷன் கையால் ஊற்றச் சொன்னார். லோகு ஊற்றினான், ஆனால் தண்ணீர் செடிப் பக்கம் போகாதபடி அந்தண்டை திரும்பி நின்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். "தள்ளுப்பா, கல்யாணப் பன்னீரா தெளிக்கிற?" என்று குப்புராஜ் குடத்தைப் பிடுங்கி அவள் தலையில் கவிழ்த்தார். இரண்டாவது குடத்தையும் கவிழ்த்தார். தண்ணீர் அவள் மேலிருந்து வழிந்து செடியின் பாத்தியில் போய்த் தேங்கியது. வீட்டுக்குள் பல்பு பளீரென்றது, ஸ்டெபிலைசர் தட்டியது, டிவி உச்ச சத்தத்தில் அலறியது. கூட்டம் ஒரே குரலாக "ஆ" என்றது. அதே நேரம் நர்மதாவின் வெறுங்காலில் சுருக்கென்று ஏறி, முழங்கால் வரை வெட்டி இழுத்தது. அவள் தூக்கிப்போட்டுக் கீழே விழுந்தாள். "வந்துட்டான், வந்துட்டான்" என்று சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சேற்றில் கிடந்தபடி அவள் லோகுவைப் பார்த்தாள். எல்லார் கண்ணும் ஒன்று வீட்டு வெளிச்சத்தின் மேல் இருந்தது, இல்லை அவள் மேல் இருந்தது. அவன் கண் மட்டும் கறிவேப்பிலைச் செடியடியில் கிடந்த தட்டைக் கல்லின் மேல் இருந்தது.

அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மீட்டர் ஓடாமலிருக்க லைனில் ஒரு ஒயரைப் பிரித்து மண்ணில் இறக்கிவிடுவார்கள் என்று தெருவில் பேசிக் கேட்டிருக்கிறாள். மண் காய்ந்தால் வெளிச்சம் சாகும். மண் நனைந்தால் பிழைக்கும். இந்த வீட்டில் மண்ணை நனைக்கிற ஒரே ஆள் அவள்தான். எலக்ட்ரீஷியன் வந்தால் திருட்டு வெளியே வரும். பேயோட்டி வந்தால் வராது. ரப்பர் செருப்பும் ஈர மண்ணில் கரண்ட் ஏறும் என்று அன்றைக்கே தெரிந்துதான் வாங்கப்பட்டது. பிரியம் என்று பொத்தி வைத்திருந்தாளே, அதை நினைத்ததும் விளாறு விழுந்த வலிகூட மறந்துபோனது. அவனைக் கொல்ல வேண்டும் போல இருந்தது.

"அடுப்புல ஒரு கம்பியப் போட்டுப் பழுக்க வையிங்க. நெத்தியில ஒரு சூடு வெச்சா ஓடிருவான்" என்றார் குப்புராஜ்.

"ஐயோ, கம்பி வேணாம் சாமி!" சின்னப்பொண்ணு ஓடிவந்து அவர் காலைப் பிடித்தாள். "எம் புள்ளைய ஓட்டாத. பேச மட்டும் வையி."

குப்புராஜ் கேட்பதாயில்லை. யாரோ அடுப்பைப் பற்றவைக்கக் கிளம்பினார்கள். நர்மதா இத்தனை நேரம் இறுகப் பிடித்திருந்த தன் பேரை அப்போதுதான் விட்டாள். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, "எம்மா" என்றாள்.

விளாறு நின்றது. சின்னப்பொண்ணு சேற்றில் தவழ்ந்து வந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். "சொல்லுடா, என் ராசா."

"எம்மா, நான் இங்கதான் கீறேன். அந்தக் கல்லுக்கு அடியில. அண்ணன எடுக்கச் சொல்லு. வெறுங்கையால எடுக்கச் சொல்லு."

"டேய் லோகு, தம்பி கேக்குறான், எட்றா!"

"அவ நடிக்கிறாம்மா" என்றான் லோகு. இத்தனை நாளில் ஒரு தடவை, இத்தனை அடிக்கு நடுவில் ஒரு தடவை அவன் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. சின்னப்பொண்ணு எழுந்து அவனை அறைந்தாள். உதடு கிழிந்தது. அவன் நகரவில்லை. "நீ எடுக்காட்டி போ, பெத்தவ நான் எடுக்குறேன்" என்று அவளே செடியடிக்குப் போய்க் குனிந்தாள். "யம்மா, தொடாத!" என்று கத்திவிட்டு லோகு வீட்டுக்குள் பாய்ந்தான். பயந்து ஓடுகிறான் என்றுதான் சனங்கள் நினைத்தார்கள். உள்ளே டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பல்பு அணைந்தது, டிவி பாதிச் சொல்லில் நின்றது.

கல் புரண்டிருந்தது. அடியில் ஒரு இரும்புப் பைப்பின் வாய், அதில் இறுக்கிச் சுற்றின செம்பு ஒயர் சுவரை நோக்கி மண்ணுக்குள் போனது. சின்னப்பொண்ணு அதைப் பார்க்கவே இல்லை. இருண்ட வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போய்ட்டானே" என்றாள். குப்புராஜ் கையிலிருந்த விளாறைப் பிடுங்கி நர்மதாவின் தலையிலும் முகத்திலும் கண்மண் தெரியாமல் அடித்தாள். "கூப்புட்றி! ஒரு வார்த்த கூட நான் சொல்லல, கூப்புட்றி அவன!" இதுவரை விழுந்ததெல்லாம் அடியே இல்லை. விளாறு ஒடிந்தது. ஒடிந்த துண்டாலும் அடித்தாள்.

"லோகு, இன்னா ஒயரு அது?" என்று ஜெபா தன் வாசலிலிருந்து உரக்கக் கேட்டாள். லோகு வீட்டின் பின்வாசலருகே மெயின் ஸ்விட்சின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

நர்மதா மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. "உம் புள்ள வரணுமா அத்தே? உம் பெரிய புள்ளைய மெயினப் போடச் சொல்லு, வருவான்" என்றாள். பிறகு தண்ணீர் சொட்டச் சொட்ட செடியடிக்கு நகர்ந்து, பாத்தியில் வெறுங்காலை ஊன்றி, பைப்பின் வாயை ஈரக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எட்றி" என்றான் லோகு.

"போடு மாமா. இல்லாட்டி இது இன்னான்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

அவன் இரண்டையும் செய்யவில்லை. குப்புராஜ் பையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "போட்றா லோகு, போடு கண்ணு" என்று சின்னப்பொண்ணு கெஞ்சினாள். கெஞ்சிக்கொண்டே முந்தானையால் முகத்திலிருந்த சேற்றைத் துடைத்தாள், அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்தாள், பின்வாசல் வழியாகத் தெரிந்த பல்பையே பார்த்துக்கொண்டு, சொல்ல வேண்டிய வார்த்தையை வாய்க்குள் சரிபார்த்தபடி நின்றாள்.