ஏணி இல்லாத லாரி

என் லாரியில் ஏணி கிடையாது. வீட்டுக் கழிவுத் தொட்டியை உறிஞ்சி, சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிற வண்டிக்கு ஏணி எதற்கு? இருந்தால் எவனுக்காவது இறங்கத் தோன்றும். வண்டி ஓட்டுவது நான், குழாய் பிடிப்பது என் தம்பி. உடன்பிறப்பு என்று எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான்.

அந்த வீட்டுக்காரர் தொட்டியைக் கட்டி மூடியதோடு சரி, திறந்ததே இல்லை. "நெறஞ்சாத்தானே எடுக்கணும்?" என்று என்னிடமே கேட்டார். சில வருஷத்துக்கு ஒருமுறை எடுத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. உறிஞ்சியதில் மேல்தண்ணீர் மட்டும் வந்தது. அடிச்சேறு கல்லாகிக் கிடந்தது.

"தண்ணி விட்டு ஊற வைக்கணும் சார். சாயங்காலம் வந்து உறிஞ்சறோம்," என்றான் தம்பி.

"ரெண்டு குத்து குத்தினா ஒடைஞ்சிடும். இதுக்குப் போயி சாயங்காலமா?"

"யாரும் உள்ள எறங்கக் கூடாது சார். விஷக்காத்து. ஆளைச் சாய்ச்சிடும்," என்றேன்.

"தண்ணியே இல்லாத தொட்டியில முழுகியா போயிடுவாங்க?" சிரித்தார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பிதான் கண்ணால் அடக்கினான்.

வண்டி தெருவில், தொட்டி வீட்டுக்குப் பின்னால். மோட்டார் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதனால் தண்ணீர்க் குழாயைத் தம்பி இரண்டு தரம் வெட்டி இழுப்பான். அதன்மேல் கால் வைத்து நிற்பேன். இழுத்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

குழாயைத் தூக்கிக்கொண்டு போனான். நின்றேன். காலடியில் அசைவே இல்லை. மோட்டாரை நிறுத்தினேன். பின்பக்கம் ஒரு பெண் அலறினாள்.

ஓடினேன். சுவரில் சாய்ந்திருந்த அவர்கள் வீட்டு ஏணி அங்கே இல்லை. தொட்டி வாயில் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தம்பியின் செருப்பு.

ஐயோ, என் தம்பி!

அவன் இடுப்புவரை உள்ளே இறங்கியிருந்தான். அடியில் வீட்டுக்காரர் கம்பியோடு குப்புறக் கிடந்தார். தம்பியின் சட்டைக் காலரையும் தலைமுடியையும் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். மேலே வந்து விழுந்தான். அவன்மேலேயே விழுந்து அமுக்கிக்கொண்டேன்.

"விடுக்கா! நான் வர்றதுக்குள்ள எறங்கிட்டாரு! கை அசையுது பாரு!"

"அசையட்டும். நீ எறங்கினா ரெண்டு பொணம்டா!"

கையைக் கடித்தான். நான் விடவில்லை.

வீட்டுக்காரரின் மனைவி எங்கள் பக்கத்தில் மண்டியிட்டாள். "எறங்குப்பா தம்பி! உங்க வேலைதானே இது!"

"எறங்காம எடுக்கறதுதாம்மா எங்க வேலை. தீயணைப்புக்குப் போன் போடுங்க!"

போன் போட்டாள். பிறகு என் முதுகில் அடித்தாள், கெஞ்சினாள், மறுபடி அடித்தாள். உள்ளே முனகல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. பாவி, நான் காதைப் பொத்தக்கூட இல்லை. இரண்டு கையும் தம்பிமேல்தான் இருந்தன.

தீயணைப்புக்காரர்கள் முகமூடியும் காற்று உருளையுமாக இறங்கினார்கள். அவரை வெளியே எடுத்துக் கிடத்தினார்கள். மார்பை அமுக்கிப் பார்த்தவர், சற்று நேரத்தில் கையை எடுத்துவிட்டார்.

"அக்கா, விடு. சட்டை கழுத்தை இறுக்குது," என்றான் தம்பி, அழுதுகொண்டே.

விட வேண்டும் என்றுதான் பார்த்தேன். விரல் பிரியவில்லை. புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.