ஒற்றை ஆணிப் பலகை

இரவு அடித்த காற்றில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த மரவேலி குப்புற விழுந்துவிட்டது. டெய்லர் பல்கூட விளக்காமல் போய் அதன் முன்னால் நின்றார். கடையை மூடிப் பல வருஷம் ஆகியும் தெருவுக்கு அவர் டெய்லர்தான். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருப்பவர் அவருடைய தங்கையின் கணவர், லைன்மேன். அவரும் கம்பத்தில் ஏறுவதை விட்டு ரொம்ப நாளாகிறது, பேர் மட்டும் இறங்கவில்லை.

மச்சான்கள் இருவரும் சேர்ந்தே மனை வாங்கி, அடுத்தடுத்து வீடு கட்டி, நடுவில் இந்த வேலியையும் தாங்களே அடித்தவர்கள். ஒருவருக்கு ஊசி பிடித்த கை, இன்னொருவருக்கு கம்பி பிடித்த கை. சுத்தியல் பிடித்த லட்சணத்தைக் கேட்கவே வேண்டாம். பாதி ஆணியை வளைத்தே தீர்த்தார்கள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வந்தபோது கையில் மிஞ்சியது ஒரே ஒரு ஆணி. அதைக் கடைசிப் பலகையின் தலையில் அடித்துவிட்டு, "கீழ நாளைக்கு அடிச்சுக்கலாம் மச்சான்" என்றார் லைன்மேன்.

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தங்கை அந்தப் பலகையை ஒதுக்கி, "அண்ணே, கொஞ்சம் சர்க்கரை" என்று கையை நீட்டிவிட்டாள். அப்புறம் யாருக்கு அதில் ஆணி அடிக்க மனசு வரும்? அந்தச் சந்து வழியாகப் போகாத சாமான் இல்லை. கொக்கி பிய்ந்த ரவிக்கை வரும், தைத்துப் போகும். கிண்ணம் நிறையச் சாப்பாடு போகும், அதே கிண்ணம் வேறெதையாவது நிரப்பிக்கொண்டு திரும்பும். ஊர் வம்பெல்லாம் போகும். கையை விட்டதும் பலகை தானாக வந்து 'டக்' என்று இடத்தில் உட்காரும். அடுப்படியிலிருந்து டெய்லரின் மனைவி, "யாருங்க?" என்பாள். இவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "தங்கச்சி வீடு" என்பார். எத்தனை வருஷமாக இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும்!

தங்கை போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. அதோடு லைன்மேனின் வாயும் அடைத்துப்போனது. மச்சான் மச்சான் என்று ஓயாமல் பேசிய மனிதர், இப்போது எதிரே பார்த்தால் தலையை ஆட்டுவதோடு சரி. தங்கைதான் போனாள், தங்கை வீடும் போய்விடுமோ என்று டெய்லருக்கு உள்ளுக்குள் ஒரே பயம்.

வேலி போட ஆள் தேடினார். முதலில் போனில் அகப்பட்டவர், இடத்தைப் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் சரி சொன்னார். அளவெடுக்காமல் துணியை வெட்டுகிற கை அது என்று டெய்லர் போனை வைத்துவிட்டார். இரண்டாவது ஆள் நூலும் டேப்புமாக நேரிலேயே வந்தார். வந்ததும் விழாமல் மிச்சம் நின்ற வேலிக் கம்பத்தை ஓர் ஆட்டு ஆட்டி, "யாரு சார் இத அடிச்சது?" என்று சிரித்தார். அடித்த இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"என் வேலி ஆடாது சார். ஆடுச்சுன்னா என்னைக் கேளுங்க."

லைன்மேன் யோசிக்கவே இல்லை. "சிமென்ட் பலகை போட்ருங்க. ஆள் உயரத்துக்கு மேல இருக்கணும். ஒரு சந்து இருக்கக் கூடாது."

டெய்லருக்குச் சுருக்கென்றது. "எதுக்கு மச்சான், ஜெயில் மாதிரி? கம்பி வலை போடலாமே. காத்து வரும், ஆள் முகம் தெரியும்."

"முகத்தப் பாத்து என்ன பண்ணப் போறோம்?"

லைன்மேன் அதைச் சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. டெய்லருக்குத்தான் நெஞ்சில் ஏதோ அறுந்தது போல் இருந்தது.

வேலிக்காரர் இருவர் முகத்தையும் பார்த்தார். நல்ல வியாபாரி. "சிமென்ட் பலகை லாரி இந்தத் தெருவுக்குள்ள திரும்பாது சார். தோள்ல தூக்கினா என் ஆளுங்க ஓடிப்போயிடுவாங்க. மரமே போடுங்க. நெருக்கி அடிச்சுத் தரேன், எறும்பு எட்டிப் பாக்க முடியாது." லைன்மேன் தலையாட்டினார். வேறு வழியில்லாமல் டெய்லரும் ஆட்டினார்.

வேலை நடந்தது. லைன்மேன் கடைக்குப் போன நேரம் பார்த்து, டெய்லர் மெல்ல வேலிக்காரரிடம் போனார்.

"அந்தக் குழாய்ப் பக்கத்துப் பலகைக்கு மட்டும் மேல ஒரே ஒரு ஆணி அடிங்க. கீழ வேணாம்."

"ஆடுமே சார்!"

"ஆடட்டும்."

"கழண்டு தொங்கும் சார்!"

"தொங்கட்டுமேய்யா. என் வேலிதானே?"

வேலிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே சரி என்றார்.

வேலை முடிந்து எல்லோரும் போனதும் டெய்லர் குழாயடிக்குப் போய்ப் பலகையைத் தள்ளினார். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார், ஊஹூம். உடனே வேலிக்காரருக்குப் போன் போட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார், மனசு கேக்கல" என்றார் அந்தப் புண்ணியவான். "நீங்க சொன்னாப்ல மேல ஆணிதான். ஆனா அப்படியே விட்டா பாக்கிறவன் என்னத்தானே திட்டுவான்? கீழ ரெண்டு ஸ்க்ரூ முறுக்கிட்டேன். இனிமே யானை வந்து முட்டினாலும் ஆடாது!" பெரிய உபகாரம் செய்துவிட்ட குரல்.

டெய்லருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் என்ன செய்ய? பலகையின் நல்ல முகம் லைன்மேன் பக்கம். ஸ்க்ரூவின் தலையும் அந்தப் பக்கம்தான். இங்கிருந்து அதைத் தொடக்கூட முடியாது.

"லைன்மேன் அண்ணன்கிட்ட சொன்னா கழட்டித் தரப்போறாரு" என்றாள் மனைவி.

"ஒரு சந்து கூடாதுன்னு சொன்ன மனுஷன்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுகிட்டுப் போய்க் கேப்பேன்?"

அடுத்த சில நாள் அவருக்குச் சோறே இறங்கவில்லை. வேலி என்னவோ அழகாகத்தான் இருந்தது. புது மர வாசனை வீட்டுக்குள்ளேயே வந்தது. ஒருநாள் சாயங்காலம் மனைவி ஜன்னல் வழியே பார்த்து, "பக்கத்து வீட்டுல இன்னும் லைட் போடலையே" என்றாள். பக்கத்து வீடு! சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். டெய்லர் எழுந்து குழாயடியில் போய் உட்கார்ந்தார். அழுதார் என்றே சொல்ல வேண்டும், துடைத்துக்கொள்ளத் துண்டு தேவைப்பட்டது.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் கிறீச் கிறீச் என்று ஏதோ திருகுகிற சத்தம் கேட்டது. தரையில் ஒரு ஸ்க்ரூ விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பலகை மெல்ல விலகியது.

சந்தில் லைன்மேனின் முகம், கையில் ஸ்க்ரூ டிரைவர். இவர் உட்கார்ந்திருப்பதை எதிர்பார்க்காமல் கொஞ்சம் திடுக்கிட்டார்.

"எவன் மச்சான் இதுல போய் ஸ்க்ரூ அடிச்சது?" என்றார்.

"நீங்கதானே ஒரு சந்து கூடாதுன்னீங்க?"

லைன்மேன் பலகையைப் பிடித்தபடியே நின்றார்.

"காத்துல இது 'டக்'குன்னு அடிக்கும் மச்சான். உங்க வீட்டுக்குப் போயிட்டு அவதான் திரும்பி வந்துட்டாளோன்னு எந்திரிச்சிடுவேன். தினம் தினம். வாசல் வரைக்கும் போய்ட்டு வந்து உக்காருவேன். தாங்கல. அதான் சுவர் கேட்டேன்."

"இப்ப?"

"இப்ப சத்தமே இல்ல." பலகையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். "எந்திரிக்கறதுக்கே ஒண்ணும் இல்ல மச்சான்."

டெய்லர் சந்துக்குள் கையை விட்டு மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார். கிண்ணங்கள் மட்டுமே போய் வந்த இடத்தில் இரண்டு கிழட்டுக் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன.

"நாளைக்கு வரேன்" என்று லைன்மேன் கையை விடுவித்துக்கொண்டார். பலகை திரும்பி வந்து இடத்தில் உட்கார்ந்தது.

டக்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. "யாருங்க?" என்றாள் மனைவி, பழக்க தோஷத்தில்.

டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி வீடு" என்றார்.