விட்டுப்போன ரீல்

தில்லி மோதி பாக்கிலிருந்து செக்ரடேரியட்டுக்குப் போகும் சார்ட்டர்டு பஸ்ஸில் வேதாந்தத்துக்கென்று ஒரு சீட் உண்டு. இடதுபக்கம், மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். அவர் செக்ஷன் ஆபீசர் என்கிற மரியாதையால் அல்ல. அந்த பஸ்ஸில் தடுக்கி விழுந்தால் செக்ஷன் ஆபீசர் மேல்தான் விழவேண்டும். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அந்த சீட்டிலிருந்து சினிமா அபிப்பிராயம் வரும். அதற்காக விட்டுவைத்திருந்தார்கள்.

அந்த நாளில் தில்லியில் தமிழ்ப் படம் என்றால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் காட்சி மட்டும்தான். மெட்ராஸில் நாலு மாதம் ஓடிக் களைத்த படம் தகரப் பெட்டியில் ரயிலேறி வரும். நமக்கு அதுதான் புத்தம் புதுசு. ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டுக்குள் முடித்தாக வேண்டும். அடுத்த காட்சிக்கு ஹிந்திக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். நேரம் போதாது என்று தோன்றினால் ஆபரேட்டர் ஒரு ரீலை அப்படியே விட்டுவிடுவான். எந்த ரீல் என்பது அவன் இஷ்டம். ஒரு படத்தில் கல்யாணமே ஆகாத கதாநாயகிக்கு அடுத்த காட்சியில் கைக்குழந்தை இருந்தது.

வேதாந்தத்தின் புகழுக்கு அதுவும் ஒரு காரணம். விட்டுப்போன ரீலில் என்ன நடந்திருக்கும் என்று திங்கட்கிழமை அவர் சொல்லிவிடுவார். அடுத்த மேஜைச் சிவஞானம் லீவில் திருநெல்வேலிக்குப் போய் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வந்து, "சார் சொன்னது அப்படியே இருக்குய்யா!" என்று பஸ் முழுக்கத் தண்டோரா போட்டதுண்டு. வேதாந்தம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அடக்கமாகச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பில் பாதிகூட அவருக்குச் சொந்தமில்லை. அபிப்பிராயம் எல்லாமே அவர் மனைவி ஜலஜா சொன்னது.

படம் விட்டு வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், புடவைத் தலைப்பால் வாயைப் பாதி மூடிக்கொண்டு, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுவாள். "பிள்ளையைத் தேடிண்டு அந்த அம்மா இருபது வருஷம் அலையறாளாம். கால்ல செருப்பு மட்டும் நேத்து வாங்கினதா இருக்கே, பாத்தேளா?" அவர் பார்த்திருக்கமாட்டார். படத்தில் பாதி நேரம் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஆனால் மறுநாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருபது வருஷம் அலைஞ்ச காலுக்குப் புதுச் செருப்பு ஓய்!" என்பார். பஸ் அதிரும்.

அவள் சொன்னதில் மிகவும் பிரபலமானது வேறு. "உயிர் போறச்சே யாரும் இவ்வளவு வசனம் பேசமாட்டா. சும்மா ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுவா." எந்தப் படத்தில் யார் செத்தாலும் பஸ் சிநேகிதர் கஸ்தூரிரங்கன் இதைச் சொல்லி, "வேதாந்தம் அன்னிக்கே சொன்னார்" என்று முடிப்பார்.

ஒரு பொங்கலன்று கஸ்தூரிரங்கனும் சிவஞானமும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சு முந்தின வாரப் படத்தில் சூடுபிடித்திருந்தது. காபி கொண்டுவந்த ஜலஜா, தம்ளரை வைத்துக்கொண்டே, "அந்தத் தங்கை வேஷக்காரிதான்..." என்று ஆரம்பித்தாள். எங்கே குட்டு உடைந்துவிடுமோ என்று வேதாந்தத்துக்குப் பகீரென்றது.

"சினிமாவைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்? காபில சக்கரையே இல்லை, போய் எடுத்துண்டு வா."

அவள் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். ஏற்கெனவே சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. கோபித்துக்கொள்வாள், அடுத்த படத்துக்கு வாயைத் திறக்கமாட்டாள் என்று பயந்தார். அடுத்த மாதமும் அவள் வழக்கம்போல் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பேசினாள். அவருக்கு அப்பாடா என்று இருந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. மகாபாவி.

மாசி மாதம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "நான் பஸ்ஸில் சொல்றதெல்லாம் நீ சொன்னதுதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்று சொல்ல நினைத்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவள் கண்ணைத் திறந்தாள்.

"பால் கார்டு காலண்டருக்குப் பின்னாடி சொருகியிருக்கேன்" என்றாள்.

"சரி" என்றார். நர்ஸ் எழுதிக்கொடுத்த மருந்தை வாங்கக் கீழே இறங்கினார். க்யூ நீளமாக இருந்தது. மேலே வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

அதன்பிறகு இரண்டு மாதம் பஸ்ஸில் யாரும் சினிமாப் பேச்சே எடுக்கவில்லை. மூன்றாவது மாதம், டிக்கெட் விற்கும் பையன் பழக்கதோஷத்தில் இரண்டு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. வேதாந்தம் போனார். பக்கத்து சீட்டில் தன் பையை வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்தைத் தூங்காமல் பார்த்தார். செருப்பைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த படத்தைக்கூடப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை.

கதாநாயகன் மனைவிக்கு ஏதோ தீராத வியாதி. கட்டிலில் சாய்ந்துகொண்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். திரை ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த கணம் சுவரில் மாலை போட்ட போட்டோ. கீழே தாடியோடு கதாநாயகன். அரங்கமே கத்தியது. "ரீலை விட்டுட்டான்யா!" வேதாந்தம் மட்டும் கத்தவில்லை. அவருக்கு இது புதிதில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறியதும் சிவஞானம் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். மனுஷரைக் கொஞ்சம் கலகலப்பாக்கலாம் என்ற நல்லெண்ணம்தான்.

"சார், அந்தப் புள்ள சாகும்போது என்னதான் சொல்லிச்சாம்? முக்கியமான ரீலை முழுங்கிட்டானே. நீங்கதான் சொல்லணும்."

"சொல்லும் ஓய்" என்றார் கஸ்தூரிரங்கன். "உம்ம வாயால கேட்டு எத்தனை நாளாச்சு!"

நாலைந்து பேர் திரும்பி உட்கார்ந்தார்கள். வேதாந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டார். பழைய பழக்கம். மறுபடி செருமினார்.

"அதெல்லாம் நான் சொன்னதில்லை ஓய்."

"எதெல்லாம்?"

"எல்லாமே. புதுச் செருப்பு, வசனம், விட்டுப்போன ரீல், எல்லாம். ஜலஜா சொல்லுவா. மறுநாள் நான் இங்கே வந்து ஒப்பிப்பேன். அன்னிக்கு உங்க முன்னாடி அவ வாயைத் திறந்தப்போ சக்கரை கொண்டுவான்னு விரட்டினேனே, இதுக்காகத்தான்."

டிரைவர் சர்தார்ஜி முன்னால் எவனையோ திட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். சிவஞானம் மெதுவாகக் கேட்டான்.

"அப்போ இந்த ரீலுக்கு அவங்க என்ன சொல்லியிருப்பாங்க சார்?"

வேதாந்தம் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியைத் தேடினார். பேண்ட் போட்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெரிசா ஒண்ணும் இருந்திருக்காது" என்றார். "பால் கார்டு எங்கே இருக்குன்னு சொல்லியிருப்பா. அவனும் சரின்னு சொல்லிட்டு மருந்து வாங்கப் போயிருப்பான்."