நாலாவது மோட்டார்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இல்லை. முந்தின இரவு அவள் உட்கார்ந்து பிழை திருத்திய செய்தித்தாளையே விரித்து, அதன்மேல் ட்ரோனை மல்லாக்கப் போட்டிருந்தார் கணவர். நாலு கைகளில் மூன்றில் மோட்டார் பூட்டியாகிவிட்டது. நாலாவது மோட்டாரை அவர் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

"மேடம், கொஞ்சம் வாங்க. நான் பிடிச்சுக்கறேன், கடைசி ஸ்க்ரூவை மட்டும் இறுக்கு."

அவள் தூக்கம் கலைந்து எழுந்து வந்தவள். கைக்குக் கிடைத்த ஆலன் கீயை எடுத்துச் செருகித் திருகினாள். வழுக்கியது. இன்னும் அழுத்தித் திருகினாள். இன்னும் நன்றாக வழுக்கியது.

"என்ன பண்ணின?"

"இறுக்கச் சொன்னீங்க. இறுக்கினேன்."

"இது சின்ன கீ. ஸ்க்ரூ தலையை மழுக்கிட்ட. உள்ள பசை வேற போட்டிருக்கேன். இனி இந்த மோட்டாரை எவனாலயும் கழட்ட முடியாது."

"ரொம்ப நல்லது. நீங்களும் கழட்டாம இருப்பீங்க. இந்த மேசையில உட்கார்ந்து சோறு தின்னு எத்தனை நாளாச்சு?"

அவர் சிரித்துக்கொண்டே அந்த மோட்டாரை விரலால் சுண்டினார். கீச் என்றது. "எலி அப்படியே இருக்கு" என்றார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். படுக்கையறை பல்பு போய்விட்டது, வாங்கி வந்துவிடுகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கடையில் பல்பைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அது எரிந்ததைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறார். அப்படியே சரிந்திருக்கிறார்.

பல்பை யாரோ ஒரு பையில் போட்டு வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு நாளிதழில், மெய்ப்புப் பிரிவில். ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழிக்கும்போது வந்து படுப்பாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டு மாடிகளில் தொங்கிவிட்டு, ஞாயிறு காலை தன் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறுவார். ட்ரோன் வாங்கிய புதிதில் அது கிளம்பிய சத்தத்தில் அவள் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்து, தலைவிரி கோலமாக மாடிக்கே ஏறிப் போனாள்.

"மிக்ஸிய வானத்துல ஓட்டறீங்களா?"

வேறொருவராக இருந்தால் மைதானத்துக்குப் போயிருப்பார். இல்லையென்றால் மனைவியைக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார். இவர் ட்ரோனைக் கழற்றினார். கம்பெனி கொடுத்த இறக்கைகளைத் தூக்கி வைத்துவிட்டு, அகலமான, மெதுவாகச் சுழலும் இறக்கைகளை வரவழைத்தார். மோட்டாருக்கு அடியில் ரப்பர் வளையம் வைத்தார். இறக்கையைச் சுற்றி நுரை ஒட்டிய கூடு போட்டார். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டையே மாற்றினார். ஒவ்வொன்றை மாற்றியதும் பரீட்சை. ஞாயிறு காலை அவள் தூங்கும்போது ட்ரோனை மாடியிலிருந்து இறக்கி, படுக்கையறை ஜன்னலை ஒட்டி ஒருமுறை கடத்துவார். மத்தியானம் அவள் எழுந்ததும் ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்பார்.

"காலையில ஏதாவது கேட்டுச்சா?"

அவள் எந்த அச்சுப்பிழையையும் விட்டுவைத்தவள் இல்லை. இதையும் விடமாட்டாள். கேட்டிருந்தால் கேட்டது என்பாள். மிக்ஸி கொஞ்ச நாளில் தையல் மெஷின் ஆயிற்று. தையல் மெஷின் ஃபேன் ஆயிற்று. ஃபேன் கொசு ஆயிற்று. ஒரு ஞாயிறு அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கேக்கல. எங்கயோ ஒரு எலி மட்டும் கத்துச்சு" என்றாள். மனிதர் குதிக்காத குறை. நாலாவது மோட்டார் வேகம் குறையும்போது ஒரு கீச்சல். எண்ணெய் விட்டும் போகவில்லை, பேரிங் மாற்றியும் போகவில்லை. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் அதற்கு எலி என்றே பெயர்.

இப்படிச் செய்ததில் ட்ரோன் கனத்துப்போயிற்று. மெதுவாகப் போயிற்று. பறக்கும் நேரம் பாதியாயிற்று. ஊரில் ட்ரோன் ஓட்டுபவர்கள் சேர்ந்து நடத்தும் கிளப்பில் அவருக்குச் 'சைலன்சர்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். கட்டியவர் டர்போ. ட்ரோன் உதிரி பாகங்கள் விற்கும் கடை வைத்திருப்பவர்; கிளப்புக்கு அவர் வைத்ததுதான் சட்டம். "எல்லாரும் காசு போட்டு வேகம் வாங்குவாங்க. நம்ம சைலன்சர் அண்ணன் மட்டும் காசு போட்டு மெதுவை வாங்கறார்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கணவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அவர் கடையிலேயே அடுத்த பாகத்துக்குச் சொல்லிவிட்டு வருவார்.

காரியமெல்லாம் முடிந்து அவள் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள். விடிந்து வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். துடைத்துப் பளிச்சென்று இருந்தது. நடுவில் ஒரு பூ ஜாடி. துணைக்கென்று வந்து தங்கியிருந்த கொழுந்தன் ஏதோ பெரிய உதவி செய்தவர் மாதிரி நின்றார்.

"ட்ரோன் எங்கே?"

"டர்போ வந்தார் அண்ணி. அண்ணன் ஞாபகமா கிளப்புல பறக்க விடறாங்களாம். கேட்டார், குடுத்தேன்."

"என்னைக் கேட்டீங்களா?"

"நீங்க இருக்கற நிலைமையில இதையெல்லாம் வேற கேட்டுத் தொந்தரவு பண்ணணுமா? அதுவும் இல்லாம, கண்ணெதிர்ல கிடந்தா உங்களுக்குத்தான் மனசு கஷ்டம்."

தன் மனக் கஷ்டம் எது என்பதை ஊரே கூடி முடிவு செய்கிறது என்று அவளுக்கு எரிந்துகொண்டு வந்தது. படுத்த கிடையாய்க் கிடக்காமல் போனாரே, கொடுத்துவைத்தவர் என்றார்கள், கேட்டுக்கொண்டாள். அழுதுவிடு, பாரம் குறையும் என்றார்கள், கேட்டுக்கொண்டாள். ஆனால் மேசை மேல் இருந்த பொருளைத் தூக்கிக் கொடுக்க இவர் யார்? பூ ஜாடியை எடுத்து அலமாரி மேல் வைத்தாள். பறக்கவிடுவதுதானே, பறக்கவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்தாள்.

கிளப்பில் விமரிசையாகத்தான் செய்தார்கள். மைதானத்தில் பந்தல், மைக், கணவரின் படம். அவளுக்கு முன் வரிசையில் கைவைத்த நாற்காலி. டர்போ மைக்கைப் பிடித்தார்.

"சைலன்சர் அண்ணன் இந்த ட்ரோனை எப்படியாவது மேல கொண்டு வரணும்னு ராப்பகலா பாடுபட்டார். பாவம், முடிக்கக் குடுத்து வைக்கல. அவர் பாதியில விட்டதை நாங்க முடிச்சு வச்சிருக்கோம்."

கைதட்டினார்கள். புல்தரையில் ஒரு ட்ரோன் இருந்தது. அவளுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. கூடு இல்லை. நுரை இல்லை. கத்தி மாதிரி சிவப்பு இறக்கைகள். வயிற்றில் செங்கல் கணக்காகப் பெரிய பேட்டரி. உடம்பு மட்டும் பழசு.

டர்போ ரிமோட்டைத் தொட்டதும் அது அலறிக்கொண்டு கிளம்பியது. பந்தல் துணி படபடத்தது. முன் வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டே சிரித்தார். மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய், திரும்பி, எல்லாருடைய தலைக்கு மேலும் ஒரு கீறல் கீறிக்கொண்டு போயிற்று. அந்தப் பக்கம் உள்ள வீடுகளில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். கொழுந்தன் குனிந்து அவள் காதருகே, "பாத்தீங்களா அண்ணி, அண்ணன் இருந்திருந்தா எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பார்" என்று கத்தினார். கத்தினால்தான் கேட்கும் என்ற நிலைமை.

அவள் எழுந்தாள். பேசப் போகிறாள் என்று நினைத்து யாரோ மைக்கை நீட்டினார்கள். அவள் மைக்கை வாங்கவில்லை. நேராக டர்போவிடம் போனாள்.

"இறக்குங்க."

"இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு அண்ணி."

"இறக்குங்கன்னு சொல்றேன் தம்பி."

இறக்கினார். சத்தம் நின்றதும் மைதானமே பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"அவர் பாதியில விட்டார்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

"இல்ல அண்ணி, வேகமே இல்லாம இருந்துச்சு..."

"வேகம் வேணும்னு அவர் உங்களைக் கேட்டாரா? உங்க கடையிலதானே அத்தனையும் வாங்கினார். ஒருநாளாவது வேகத்துக்குன்னு ஒரு சாமான் வாங்கினாரா?"

"அதைத்தானே அண்ணி சொல்றேன். அவருக்கு அந்த விவரம் பத்தல. நாங்க எங்க கைக்காசைப் போட்டு..."

"விவரம் பத்தலையா? நான் தூங்கறப்ப என் ஜன்னலை ஒட்டி இது போகும். எனக்குத் தெரியாது. அப்படிச் செஞ்சு வச்சிருந்தார் மனுஷன். முடிஞ்ச வேலை அது. முடிஞ்ச வேலையைப் பிரிச்சுப் போட்டுட்டு முடிச்சு வச்சிருக்கோம்னு மைக்ல சொல்றீங்க. கூச்சமா இல்ல?"

கொழுந்தன் ஓடிவந்தார். "அண்ணி, அவங்க ஆசையா செஞ்சிருக்காங்க. நாலு பேர் முன்னாடி இப்படி மூஞ்சியில அடிச்ச மாதிரி..."

"நாலு பேர் முன்னாடிதானே அவரை விவரம் பத்தாதவர்னு சொன்னாங்க. அப்ப உங்க வாய் எங்கே போச்சு?"

கொழுந்தன் கணவரின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் புல்லில் குனிந்து ட்ரோனை எடுத்தாள். பேட்டரி சுட்டது. "கழட்டின சாமான் எல்லாம் எங்கே?"

"கடையில கிடக்கும் அண்ணி. அதெல்லாம் ஸ்க்ராப்பு."

"நாளைக்கு வரேன்."

வேலை முடிந்து தூங்காமல் கடைக்குப் போனாள். ஷட்டரைத் தூக்க வந்த டர்போ படிக்கட்டில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மடியில் ட்ரோன் இருப்பதையும் பார்த்தார். கடையைத் திறந்து ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

மூன்று பழைய மோட்டார்கள் ஒரு டப்பாவில் கிடைத்தன. கூடுகள் மேசைக்கு அடியில் இருந்தன, ஒன்றில் நுரை கிழிந்திருந்தது. அகலமான இறக்கைகளைக் குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்தார், ஒன்று ஒடிந்திருந்தது. ரப்பர் வளையங்கள் போன இடம் தெரியவில்லை.

"போர்டு?"

டர்போ தலையைச் சொறிந்தார். "அதை வேற ஒருத்தர் ட்ரோன்ல போட்டுட்டேன் அண்ணி. அவர் ஊருக்கும் போயிட்டார். அதே மாதிரி போர்டு இப்ப வர்றதில்ல."

"ஸ்க்ராப்புன்னு சொன்னீங்க."

பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, ட்ரோனைத் திருப்பி நாலாவது கையைக் காட்டினார்.

"இந்த மோட்டாரை மட்டும் நாங்க தொடவே முடியல. புதுசா போட்ட மூணு மோட்டாரும் இதே அளவுங்கறதால இதை அப்படியே விட்டுட்டோம். எவனோ ஒரு மடையன் ஸ்க்ரூ தலையை மழுக்கி வச்சிருக்கான். பசை வேற. ட்ரில் போட்டா ட்ரோனோட கையே உடைஞ்சிடும்."

"மடையன் இல்ல. நான்தான்."

டர்போ ட்ரோனை மெல்லக் கீழே வைத்தார். "சாரி அண்ணி."

"இதுக்கு எதுக்கு சாரி? சொல்ல வேண்டியதுக்குச் சொல்லுங்க."

சொல்லவில்லை. சிலருக்கு அது வராது. ஆனால் மற்ற மூன்று மோட்டாரையும் கழற்றிப் பழையதைப் பூட்ட ஆரம்பித்தார். பூட்டி முடிக்கும்வரை அவள் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. கண் சொருகியது. சொருகும்போதெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் கையையே பார்த்தாள். எந்த ஸ்க்ரூவுக்கு எந்தக் கீ என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

கிளம்பும்போது சொன்னாள், "ஞாயித்துக்கிழமை காலையில வீட்டு மாடிக்கு வாங்க. பறக்கவிட்டுப் பாக்கணும்."

"இவ்வளவு கனத்தை வச்சுக்கிட்டு இது பறக்கறதே பெரிய விஷயம் அண்ணி. அந்த போர்டு இல்லாம பழைய மாதிரி வராது."

"வர்ற வரைக்கும் வாங்க."

வந்தார். கிளப்புக்காரர்கள் யாரையும் கூட்டி வரவில்லை; மெதுவாகப் போகும் ட்ரோனை ஓட்டுவதைப் பார்த்துவிடப் போகிறார்களே என்று பயம். கொழுந்தனும் வந்தார். கூப்பிடாமலே வந்து மாடிக்கதவைத் திறந்து கொடுத்தார்.

அவள் படுக்கையறையில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தாள். புது பல்பு மாட்டியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கினால்தான் பரீட்சை சரியாக இருக்கும். தூக்கம் எங்கிருந்து வரும். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜன்னலை ஒட்டி அது வந்தது. போயிற்று.

"எப்படி அண்ணி?" மாடியிலிருந்து டர்போவின் குரல் இறங்கியது.

"தையல் மெஷின்."

"மைதானத்துல கேட்டதுக்கு இது எவ்வளவோ..."

"தையல் மெஷின்னு சொன்னேன். ரப்பர் வைங்க. கிழிஞ்ச நுரையை மாத்துங்க. அடுத்த ஞாயிறு வாங்க."

மேலே ஏதோ முணுமுணுப்பு. கொழுந்தன்தான் என்னவோ சொல்லிச் சமாதானப்படுத்தினார். அவள் மனசு ஆறவில்லை. ஃபேன் வரைக்கும் கொண்டு வருவார்கள். கொசு வரைக்குமேகூடக் கொண்டு வரலாம். ஒன்றுமே கேட்காத அந்தக் காலையை எந்தக் கடையில் போய் வாங்குவார்கள்? பாதியில் விட்டார் என்று மைக்கில் சொன்ன சொல்லை இன்னும் யாரும் மைக்கில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் கேட்கத்தான் போகிறாள்.

ட்ரோன் திரும்பி வந்தது. ஜன்னலுக்கு நேராக மாடிக்கு ஏறி, இறங்குவதற்காக வேகம் குறைந்தது. தையல் மெஷின் சத்தம் தேய்ந்தது. அதற்கு அடியிலிருந்து நாலாவது மோட்டார், கீச் என்றது.